மகனும் பருவமடைகிறான்

பெண்பிள்ளை ஒருத்தி சாமத்தியப்பட்டால் எங்கள் பக்கத்தில் அது ஊருக்கே தெரிந்துவிடும். மாமிமார் வருவார்கள், தண்ணீர் வார்ப்பார்கள், நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுபடும். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு வந்தபோது, நான் தங்கிய பாடசாலையில் ஒரு வகுப்பறைக்குள் பத்துக் குடும்பங்கள் இருந்தன. அங்கே ஒரு பிள்ளை பெரியபிள்ளையானாள். நாலு சேலையைக் கட்டி மறைப்பெடுத்து, கடன் வாங்கிய இரண்டு முட்டையோடு அந்தச் சடங்கைச் சுருக்கமாக என்றாலும் ஒப்பேற்றினார்கள். கட்டாயம் செய்ய வேண்டிய காரியம் என்று எல்லோருக்கும் பட்டது.

அதே வகுப்பறையின் மற்ற மூலையில் அவளுடைய தமையன் இருந்தான். பதினான்கு வயது. குரல் உடைந்து, வாயைத் திறக்க வெட்கப்பட்டு, நாள் முழுக்கப் படியில் குந்தியிருப்பான். அவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: “என்னடா, தொண்டைக்குள்ளை தவளை கிடக்கோ?”

அவனும் பருவமடைந்துகொண்டுதான் இருந்தான். அவனுக்குச் சடங்கு வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சடங்கு இல்லாதபடியால் ஒரு சொல்லும் இல்லாமல் போய்விடுகிறது என்பதே கவலை. உடம்பில் நடப்பது இன்னதென்று முன்கூட்டிச் சொல்லப்படாத பெடியன், அதை நோயென்று எண்ணிப் பயப்படுகிறான். அல்லது உண்மையாகவே நோய் வந்தபோது வெட்கத்தால் மறைக்கிறான். இரண்டாவதினால் வரும் கேட்டைக் கீழே சொல்கிறேன்.

இந்த மௌனத்துக்கு யுத்தமும் ஒரு காரணம். 1990களிலும், பிறகு 2006 முதல் 2009 வரையிலும், மீசை அரும்புகிற மகனைக் கண்டால் தாய்க்கு வயிற்றைக் கலக்கும். ஒரு பக்கம் கைது, மறுபக்கம் ஆட்சேர்ப்பு. வளர்ந்த பிள்ளையை அரைக்காற்சட்டையோடே வைத்திருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். மகன் வளர்வது மகிழ்ச்சியாக இல்லாமல் ஒளிக்க வேண்டிய விசயமாகிவிட்டது. அந்த ஆபத்து போய்விட்டது. கதையாமல் இருக்கும் பழக்கம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

உடம்புக்குள் நடப்பது

மூளையின் அடியில் கபச்சுரப்பி என்று கடலையளவான ஒரு சுரப்பி இருக்கிறது. காலம் வந்ததும் அது இரத்தத்தின் வழியாக விதைகளுக்குச் செய்தி அனுப்புகிறது. விதைகள் தெஸ்தொஸ்தெரோன் என்ற ஓமோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. பின்னால் வரும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம்.

பெற்றோர் குரலையும் மீசையையும் பார்த்துத்தான் “பெடியன் வளர்ந்திட்டான்” என்கிறார்கள். உண்மையில் அவை பிந்தி வருபவை. முதல் அடையாளம் வெளியில் தெரியாது: விதைகள் பெருக்கின்றன, விதைப்பையின் தோல் மெல்லியதாகித் தளர்ந்து நிறம் மாறுகிறது. அதன் பிறகு ஆண்குறியின் அடியில் மயிர் முளைக்கிறது, ஆண்குறி நீண்டு பருக்கிறது, உயரம் எழும்புகிறது. குரல்வளை பெருத்து, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் சில மாதங்களுக்கு இடையிடையே உடைந்து, பின் தடித்து நிலைபெறும். அக்குளில் மயிர் வரும். வியர்வை மணக்கத் தொடங்கும். மீசை மேலுதட்டின் இரண்டு ஓரங்களிலும் முதலில் அரும்பும். தாடி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஆகவே குரல் உடைந்த பிறகு மகனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று காத்திருப்பவர் இரண்டு வருடம் பிந்திவிடுகிறார். ஒன்பது, பத்து வயதிலேயே சொல்லத் தொடங்க வேண்டும்.

வயதுக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மனதுக்குள் மிகவும் கஷ்டப்படுவது இதற்காகத்தான். இங்கிலாந்தில் டானர் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தவரும், சிறுவர் இல்லம் ஒன்றில் வளர்ந்த 228 பெடியன்களைப் பல வருடங்களாகக் கவனித்து, 1970 இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு மாற்றம் தொடங்கியது ஒன்பதரை வயதுக்கும் பதின்மூன்றரை வயதுக்கும் இடையில். தொடங்கி முடிவதற்கு ஒருவனுக்கு இரண்டு வருடமும் எடுக்கவில்லை. இன்னொருவனுக்கு ஐந்து வருடம் வரை எடுத்தது. இருவரும் சுகமான பிள்ளைகள்தான். உலகமெங்கும் வைத்தியர்கள் இன்றும் அந்தப் படிமுறையை வைத்தே பார்க்கிறார்கள். தாய் தகப்பனோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளிடமிருந்து கிடைத்த அறிவு அது என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எங்களுக்கு இது புதிய விசயமல்ல. மூன்று மாத நெல்லையும் நாலரை மாத நெல்லையும் ஒரே நாளில் விதைத்தாலும் ஒரே நாளில் கதிர் தள்ளாது. பிந்திய நெல்லைப் பார்த்து “இது பதர்” என்று எந்தக் கமக்காரனும் சொல்வதில்லை. மகனையும் பக்கத்து வீட்டுப் பெடியனையும் ஒப்பிடும்போது மட்டும் இது மறந்துபோகிறது. எனினும் ஒன்பது வயதுக்கு முன் அடையாளங்கள் தொடங்கினாலோ, பதினான்கு வயதாகியும் ஒன்றும் தொடங்காவிட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். நீண்ட காலம் போதிய சாப்பாடு இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கும் பருவம் பிந்தலாம்.

பசி, நித்திரை, பாரம்

பெண்பிள்ளைகள் முந்தி வளர்ந்துவிடுவார்கள். பெடியன்களின் உயரம் வேகமாக எழும்புவது அவர்களை விட இரண்டு வருடம் பிந்தி, பெரும்பாலும் பதின்மூன்று பதினான்கு வயதில். அந்த ஒரு வருடத்திலேயே எட்டு முதல் பத்துச் சென்ரிமீற்றர் கூடலாம். கையும் காலும் முதலில் நீளும். செருப்பு ஆறு மாதத்தில் சிறுக்கும். கோப்பையைத் தட்டி விழுத்துவான், வரம்பில் தடுக்குவான். பானையில் இருப்பதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரை நித்திரை கொள்வான். “எருமை மாதிரி வளர்ந்திருக்கிறாய்” என்ற பேச்சு அப்போதுதான் விழும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை.

எலும்பு நீளும் வேகத்துக்கு அதன் உறுதி உடனே ஈடுகொடுப்பதில்லை. இந்த வயதுகளில் கை முறிவு கூடுதலாக வருவது அதனால்தான். உயரத்தைப் பார்த்து, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் ஐம்பது கிலோ உர மூட்டையை ஏற்றக் கூடாது. தகப்பன் இல்லாத வீடுகளில் இது எளிதில் நடந்துவிடுகிறது. குரல் தடித்ததும் அவனை வீட்டின் ஆம்பிளையாக்கி, கூலிக்கும் அனுப்பிவிடுகிறோம். உடம்பு வளர்ந்தாலும் அவன் இன்னும் பிள்ளைதான்.

சாப்பாட்டுக்குப் புட்டிகளிலும் பெட்டிகளிலும் விற்கும் மாவுகள் தேவையில்லை. பயறு, கௌபி, பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு, முருங்கையிலை, குரக்கன், வீட்டில் மாடு இருந்தால் பால் என்பவை போதும். இதில் இன்னொரு விசயம். “பெடியன் வளர்றான்” என்று முட்டையை அவன் பக்கமும், ஆணத்தை மகள் பக்கமும் தள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாதவிடாய் வரும் பிள்ளைக்கு இரும்புச்சத்து அவனைவிடக் கூடவே தேவை. இருவருக்கும் சமமாகப் பகிருங்கள்.

இரவில் நனையும் சாரம்

பருவம் தொடங்கிச் சில காலத்தின் பின், விதைகளில் விந்தணுக்கள் உண்டாகத் தொடங்குகின்றன. அது இரவு பகலாக நடக்கும் உற்பத்தி. சில வேளை நித்திரையில், கனவோடோ கனவில்லாமலோ, விந்து தானாக வெளியேறும். விடிய எழும்பும்போது சாரம் நனைந்திருக்கும். சிறுநீர் போய்விட்டதோ, சீழ் வடிகிறதோ என்று பிள்ளை திகைப்பான். சிலருக்கு இது அடிக்கடி நடக்கும், சிலருக்கு எப்போதாவது, சிலருக்கு நடப்பதேயில்லை. மூன்றும் சரி. அதேபோல, காரணமில்லாமல் ஆண்குறி விறைப்பதும், காலையில் விறைத்தபடி எழும்புவதும் இந்த வயதில் உடம்பின் இயல்பு. அது கெட்ட எண்ணத்தின் அடையாளமல்ல.

இந்த இடத்தில்தான் பழைய பயம் ஒன்று புகுந்துகொள்கிறது. ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம், அது போனால் உடம்பு வற்றிவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அது சரியல்ல. விந்து இரத்தத்திலிருந்து வடிப்பதல்ல, பெரும்பகுதி தண்ணீர், வெளியேறுவது ஒரு தேக்கரண்டியளவு. இந்தப் பயத்தினால் களைப்பு, தலைச்சுற்று, படிப்பில் மனமில்லாமை என்று வைத்தியரிடம் வரும் இளைஞர்கள் தென்னாசியா முழுவதும் உண்டு. இந்திய மனநல வைத்தியர் என். என். விக் 1960 இல் இதற்குத் ‘தாது’ நோய்க்குறி என்று பெயரிட்டார். அவர்களை வாட்டியது பயமே. சுயஇன்பம் பற்றியும் இதே கதைகள் உலாவுகின்றன. அதனால் கண் பார்வை குறையும், பிள்ளை பிறக்காது, நரம்பு தளரும் என்பவற்றில் எதுவும் வைத்திய உண்மை அல்ல. இந்தப் பயத்தை வைத்து லேகியமும் குளிசையும் விற்பவர்கள் சந்திக்குச் சந்தி இருந்தார்கள். இப்போது கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். மகனின் காசும் மனமும் அவர்களிடம் போவதற்கு முன் நீங்கள் இரண்டு சொல் சொல்வது நல்லது.

வீடு வாசல் உள்ள பிள்ளை விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போய்ச் சாரத்தைக் கழுவிக் கொள்வான். தறப்பாள் கொட்டிலுக்குள், ஒரே பாயில் தம்பி தங்கையோடு படுத்த பிள்ளை எங்கே போவான்? பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்று, ஐம்பது பேர் பார்க்க என்னத்தைக் கழுவுவான்? நனைந்த சாரத்தைச் சுருட்டி ஒளித்துவைத்து, அடுத்த நாளும் அதையே உடுத்து, தொடை இடுக்கில் வட்ட வட்டமாகச் சொறி வந்த பிள்ளைகளை முகாம்களில் கண்டிருக்கிறேன். இன்றும் காணி கிடைக்காமல், உறவினர் வளவிலும் ஓர் அறை வீட்டிலும் இருக்கிற குடும்பங்களுக்கு இது பழங்கதையல்ல.

முடிந்தவரை மகனுக்கு மேலதிகமாக ஒரு சாரமும், தனிப் பாயும், தனிச் சவர்க்காரத் துண்டும் கொடுங்கள். குளிப்பதற்குச் சாக்கினாலோ கிடுகினாலோ ஒரு மறைப்பு. தன் உடுப்பைத் தானே கழுவட்டும்; ஏன் கழுவுகிறாய் என்று கேட்க வேண்டாம். குளிக்கும்போது ஆண்குறியின் முன்தோலை மெதுவாகப் பின்னால் இழுத்துத் தண்ணீரால் கழுவப் பழக்குங்கள். பலவந்தமாக இழுக்கக் கூடாது. உள்ளுடுப்பை வெயிலில் காயப்போட வேண்டும். வெட்கத்தில் பாயின் கீழ் காயவைப்பதால்தான் சொறி மாறுவதில்லை. சவரம் தொடங்கினால் பிளேட் தனியாக இருக்கட்டும். ஈரல் அழற்சி போன்ற நோய்கள் இரத்தம் பட்ட பிளேட்டினால் தொற்றும்.

மார்பிலும் முகத்திலும்

பெடியன்களில் அரைவாசிப் பேருக்கு மேல், ஒரு முலைக்காம்பின் கீழோ இரண்டின் கீழுமோ சிறு கட்டி போல வீங்கி நோகும். தான் பெண்ணாக மாறுகிறேனோ என்று பிள்ளை பயந்து, சேட்டைக் கழற்றாமல் குளிப்பான். கூட்டாளிகள் கண்டால் பகிடி பண்ணியே கொல்வார்கள். ஓமோன்கள் சமநிலைக்கு வரும் வரை இது இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். பிசையவோ எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம். முகப்பருவும் அப்படித்தான்: கிள்ளாமல், நாளுக்கு இருமுறை முகம் கழுவினால் போதும், குழி விழுமளவுக்குப் பெருத்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

“வயிற்றுக்குத்து” என்று சொன்ன பெடியன்

1997 இல் நாங்கள் வன்னியில், காட்டோரம் போட்ட பாடசாலைக் கொட்டிலில் படிப்பித்தோம். ஒரு நாள் பின்னேரம் பதின்மூன்று வயதுப் பெடியன் ஒருவன் வயிற்றைப் பொத்திக்கொண்டு இருந்தான். கேட்டதற்கு “வயிற்றுக்குத்து, சேர்” என்றான். இரண்டு தரம் சத்தியெடுத்தான். தாய் ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தா. விடியத்தான், நடக்க முடியாமல் போனபோது, வலி வயிற்றில் அல்ல, விதையில் என்று சிறிய தகப்பனுக்குச் சொன்னான். சைக்கிளில் வைத்துப் பத்துக் கட்டைக்கு மேல் உழக்கிக்கொண்டு போனார்கள். விதை கறுத்துப்போயிருந்தது, எடுக்க வேண்டியதாயிற்று.

விதை ஒரு நாடாவில் தொங்குவது போலத் தொங்குகிறது. இரத்தக் குழாய்கள் அந்த நாடாவுக்குள்தான் போகின்றன. சில பிள்ளைகளுக்கு, அடிபடாமலே, நித்திரையில்கூட அது முறுகிக்கொள்ளும். குழாய் மடிந்த தோட்டத்தில் தண்ணீர் நிற்பது போல இரத்தம் நின்றுவிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை இது கூடுதலாக நடக்கும். திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலி, வீக்கம், சத்தி, அடிவயிற்று நோ என்பவை அடையாளம். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் கழிந்தால் அநேகமாக முடியாது. ஒத்தடமும் எண்ணெயும் வேண்டாம். இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் வடக்கிலும் அந்தச் சேவை உண்டு. சத்திரசிகிச்சைக் கூடமுள்ள வைத்தியசாலைக்கு நேரே போவதே முக்கியம்.

அந்தப் பெடியனுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மற்ற விதை வேலை செய்தது. இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆனால் முதல் நாள் பின்னேரமே “சேர், விதை நோகுது” என்று சொல்ல அவனுக்கு ஒரு சொல் இருந்திருந்தால்? அவனுக்கு அந்த உறுப்பின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே தெரியாது. கெட்ட வார்த்தையாகத்தான் கேட்டிருந்தான்.

இதனால்தான் சிறு வயதிலேயே கை, கால், காது என்று சொல்லிக்கொடுக்கும்போது ஆண்குறி, விதை என்றும் சொல்லிக்கொடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்பது குழந்தைக் காலத்திலேயே பார்க்கப்பட வேண்டியது. ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கிளினிக் தவறிய பிள்ளைகள் அநேகர். ஒன்று இறங்காமலிருந்தால், எந்த வயதானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். விட்டுவிட்டால் பின்னாளில் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூட. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இதைக் கேட்க மகனுக்குச் சொல்லிவிடலாம்.

சொல் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. துர்நடத்தை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதல்ல. நெருக்கமாக வாழும் இடங்களில், உதவி செய்பவராகவும் உறவினராகவும் வருபவர்களால் பெடியன்களுக்கும் நடந்திருக்கிறது, நடக்கிறது. “அந்த இடத்தை ஒருவரும் தொடக்கூடாது, தொட்டால், ஆரெண்டாலும், எனக்குச் சொல், நான் உன்னை ஏசமாட்டன்” என்று முன்னரே சொல்லிவையுங்கள். அப்படியான நேரத்தில் உடம்பு தானாக விறைத்திருந்தால், தானும் குற்றவாளி என்று பிள்ளை நினைத்து வாயை மூடிவிடுவான். உடம்பின் இயல்பு வேறு, சம்மதம் வேறு என்பதை அவனுக்கு விளக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

யார் சொல்வது?

ஆறாம் வகுப்பிலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் இருக்கிறது. எல்லா ஆசிரியரும் இந்தப் பகுதியைத் துணிந்து நடத்துவதில்லை. “வீட்டிலை வாசியுங்கோ” என்று பக்கத்தைப் புரட்டுபவர்களும் உண்டு. வீட்டில் சொல்லாததைக் கைத்தொலைபேசி சொல்லிக்கொடுக்கிறது. அங்கே கிடைப்பது அறிவு அல்ல, பெண்களை மதிக்காத நடிப்பு.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. எதிரில் இருத்தி வைத்துப் பிரசங்கம் செய்ய வேண்டாம், இருவருக்கும் வேர்க்கும். மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும்போது, மாட்டைச் சாய்த்துக்கொண்டு வரும்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம். “தம்பி, இன்னும் ஒண்டிரண்டு வருசத்துக்குள்ளை உன்ரை உடம்பு மாறும். விதை பெருக்கும், மயிர் முளைக்கும், குரல் மாறும். சில நாள் விடிய சாரம் நனைஞ்சிருக்கும். எனக்கும் வந்தது, உன்ரை அப்பப்பாவுக்கும் வந்தது. பயப்பிடாதை. நோ கீ எண்டு ஏதும் வந்தால் உடனை சொல்லு.” இது போதும். மிச்சத்தை அவன் கேட்பான், அல்லது கேட்கமாட்டான். கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அண்ணனுக்குச் சொல்லும்போது தங்கச்சிக்கும் சொல்லுங்கள். அவள் பகிடி பண்ணமாட்டாள்.

தகப்பன் இல்லாத வீடுகள் எங்களிடம் எத்தனையோ. தாய்மாமன் சொல்லலாம், பெரியப்பா சொல்லலாம். ஒருவரும் இல்லாவிட்டால் தாய் சொல்லலாம்; அதில் ஒரு குறையுமில்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில், 2009 இல் கணவனை இழந்த ஒரு தாய் என்னிடம் சொன்னா: “எனக்கு வாய் வரேல்லை, சேர். ஒரு புதுச் சாரமும் சவர்க்காரமும் வாங்கி அவன்ரை பாயிலை வைச்சன். ‘இனி உனக்கு இது தேவைப்படும், எல்லா ஆம்பிளையளுக்கும் வாறதுதான்’ எண்டு மட்டும் சொன்னன். அவன் ‘தெரியும் அம்மா’ எண்டிட்டு வெளியிலை போட்டான்.”

மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து கேட்டானாம், “அம்மா, நெஞ்சிலை ஒரு கட்டி நோகுது. அதுவும் எல்லாருக்கும் வாறதோ?” என்று.